அப்பாவைக் குளிப்பாட்டுவது தியானத்தில் சேருமா?

அம்பத்தூர்_அன்பன்

எனக்கு வயது 46. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் மேற்பார்வை வேலை. வீட்டில் மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், 81 வயது அப்பா. அப்பாவுக்கு மறதி நோய். "பஸ் வந்துடுச்சா?" என்று பத்து நிமிடத்தில் ஆறு தடவை கேட்பார். எந்த பஸ் என்று அவருக்கும் தெரியாது. காலையில் அவரைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டிவிட்டு, இட்லி ஊட்டிவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறேன்.

எட்டு வருடம் விடாமல் தியானம் பழகியவன் நான். பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை கிரிவலம், 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு. கடந்த இரண்டு வருடமாக இரண்டுமே இல்லை. போன வாரம் மயிலாப்பூரில் ஓர் உபன்யாசத்துக்குப் போனேன். இல்லறக் கடமையைச் சரியாகச் செய்தால் போதும், அதுவே யோகம் என்றார்கள். கேட்கும்போது கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் கூட வந்த நண்பர், "நம்மைப் போன்றவர்களைச் சமாதானப்படுத்தச் சொல்வது இதெல்லாம். உட்கார்ந்து செய்யாமல் எதுவும் வராது" என்றார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. நான் போய்க்கொண்டிருக்கிறேனா, நின்றுவிட்டேனா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒற்றியூர்_கடலோரம்

நான் உங்கள் நண்பர் பக்கம். மனம் நோக வேண்டாம். அப்பாவுக்கு நீங்கள் செய்வது பெரிய அறம். ஆனால் அறம் வேறு, ஆன்ம விடுதலை வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டாவதைத் தேடுவதையே விட்டுவிடுவோம்.

நான் இருப்பது திருவொற்றியூர். பட்டினத்தார் சமாதிக்கு அடிக்கடி போவேன். காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகர். ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ என்ற ஒரே வரியைப் பார்த்ததும் அத்தனை சொத்தையும் விட்டுக் கிளம்பினார். வியாபாரத்தையே யோகமாகச் செய்கிறேன் என்று அவரும் கடையில் உட்கார்ந்திருக்கலாமே? வள்ளுவர் துறவு அதிகாரத்தில் ‘தலைப்பட்டார் தீரத் துறந்தார்’ என்கிறார். மற்றவர்கள் மயங்கி வலைப்பட்டவர்கள் என்று அதே குறளை முடிக்கிறார். கீதை 13ஆம் அத்தியாயத்தில் ஞானத்தின் அடையாளங்களாகச் சொல்லப்படுபவற்றில், பிள்ளை, மனைவி, வீடு இவற்றில் ஒட்டாமல் இருப்பதும் ஒன்று. சங்கரர் வழி வந்தவர்கள் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்: கர்மம் மனத்தைத் துலக்கும், விடுதலை ஞானத்தால்தான்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். என் தந்தை 41 வருடம் குடும்பத்துக்காக உழைத்தார். ஒரு நாள் சும்மா இருந்ததில்லை. கடைசி நாட்களில் அவர் வாயில் வந்ததெல்லாம் சித்தப்பாவோடு இருந்த இரண்டடிச் சுவர்த் தகராறுதான். கடமை தானாகவே ஆளைப் பக்குவப்படுத்தும் என்றால் அவர் பக்குவப்பட்டிருக்க வேண்டும். நான் 27 வயதில் ஒரு மடத்தில் சேரக் கிளம்பினேன். ‘வீட்டில் இருந்தே செய்யலாமே’ என்று தடுத்தார்கள். இப்போது 58. செய்யவில்லை.

மாடவீதி_கிழவன்

ஐயா, உங்கள் தந்தையைப் பற்றி எழுதியது மனத்தைத் தைத்தது. அப்படிப் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டினத்தாரைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். தாய் இறந்தபோது அவர் வந்தார். பச்சை வாழைமட்டையை அடுக்கி, ‘ஐயிரண்டு திங்களா அங்கமெலாம் நொந்து பெற்று’ என்று பாடித்தான் எரியூட்டினார். ஊசியைக்கூட விட்டுவிட்டுப் போனவர், அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை விடவில்லை. சங்கரரும் சந்நியாசியாக இருந்துகொண்டே தாய்க்கு இறுதிக்கடன் செய்தார் என்றுதான் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அம்பத்தூர் தம்பிக்கு: ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ எல்லோருக்கும் தெரியும். பார்வையாலேயே கொக்கை எரித்த தவசி வள்ளுவர் வீட்டு வாசலில் பிச்சைக்கு நின்றார். வாசுகி கணவருக்குப் பரிமாறிவிட்டு மெதுவாக வந்தார் என்று முறைத்துப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்டது அது. மகாபாரதத்தின் வன பர்வத்தில் இதே கதை இன்னும் நீளமாக இருக்கிறது. அங்கே தவசியின் பெயர் கௌசிகன். வீட்டுப் பெண்மணி அவனை மிதிலையில் இருக்கும் ஓர் இறைச்சிக் கடைக்காரரிடம் அனுப்புகிறாள். தர்மவியாதர். அவர் கடையை முடித்துக்கொண்டு கௌசிகனை வீட்டுக்கு அழைத்துப்போய், சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் தன் வயதான தாய் தந்தையைக் காட்டி, "என் தெய்வங்கள் இவர்கள்தான்" என்கிறார். அதோடு விடவில்லை. "நீ உன் பெற்றோரிடம் சொல்லாமல் வேதம் படிக்க வந்துவிட்டாய். அழுது அழுது அவர்களுக்குக் கண் போய்விட்டது. திரும்பிப் போ" என்கிறார். இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்கிறவர்கள் குறைவு. இத்தனை ஞானத்தையும் கேட்ட கௌசிகனுக்குக் கிடைத்த உபதேசம் வீட்டுக்குப் போ என்பதுதான்.

கீதை 3ஆம் அத்தியாயத்தையும் பாருங்கள். ஜனகர் முதலியவர்கள் கர்மத்தாலேயே சித்தி பெற்றார்கள் என்று நேராகவே இருக்கிறது. கைகால்களைக் கட்டிப்போட்டு உட்கார்ந்து மனத்தால் விஷயங்களையே நினைப்பவனைப் பொய்யன் என்றும் இருக்கிறது. வள்ளுவர் வலை என்றதை ஐயா எடுத்தார். ‘நோற்பாரின் நோன்மை உடைத்து’ என்று ஒழுங்கான இல்வாழ்க்கையைத் தவசிகளுக்கு மேலே வைத்தவரும் அவரேதான்.

ஒற்றியூர்_கடலோரம்

தர்மவியாதர் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் ஏற்கெனவே ஞானி. கடையில் உட்கார்ந்து ஞானி ஆனாரா, ஞானி கடையில் உட்கார்ந்தாரா? முற்பிறவியில் வேதம் கற்ற அந்தணர், சாபத்தால் அப்படிப் பிறந்தவர் என்று அதே பாரதத்தில் வருகிறது. வேலையால் வந்தது என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது.

13ஆம் அத்தியாயத்துக்கும் பதில் வரவில்லை.

மாடவீதி_கிழவன்

சரி, அது நியாயமான கேள்வி. 13இல் சொன்னது ஒட்டாமை. விலகிப்போவது என்று அதில் இல்லை. அர்ஜுனன்தான் பிச்சை எடுத்தாவது பிழைக்கிறேன், இந்த வேலை வேண்டாம் என்றான். கிருஷ்ணர் அனுப்பவில்லையே. வீட்டில் இருந்து ஒட்டாமல் இருப்பது, விட்டுப் போவதைவிடக் கடினம் என்றுதான் 71 வயதில் எனக்குத் தோன்றுகிறது.

தர்மவியாதர் வேண்டாம் என்றால் அறுபத்து மூன்று நாயன்மாரிடம், அந்தச் சிவனடியார்களிடம் வாருங்கள். பங்குனி உற்சவத்தில் எங்கள் மயிலைத் தெருவழியாகத்தான் வருகிறார்கள். திருநீலகண்டர் குயவர். திருக்குறிப்புத்தொண்டர் காஞ்சிபுரத்தில் துணி வெளுத்தவர். அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர். உங்கள் ஒற்றியூர்க் கலிய நாயனார் செக்கு ஆட்டியவர். தொழிலை விட்டுவிட்டு வா என்று இவர்கள் யாரிடமும் சிவன் சொல்லவில்லை.

ஒற்றியூர்_கடலோரம்

நீங்களே எனக்குச் சாட்சி கொண்டு வந்துவிட்டீர்கள். அதிபத்தர் வெறுமனே மீன் பிடிக்கவில்லை. தினமும் பிடிபடுவதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர் விரதம். நாள் கணக்கில் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. வீட்டில் பட்டினி. அப்போதும் அதை விட்டார். பிறகு பொன்மீன் வந்தது, அதையும் விட்டார். கலியர் செல்வம் இருந்தபோது கோயிலுக்கு விளக்கேற்றினார். எல்லாம் போன பிறகு கூலிக்குச் செக்கு ஆட்டி ஏற்றினார். அந்தக் கூலியும் நின்றபோது கழுத்து ரத்தத்தை எண்ணெயாக விடத் துணிந்தார். நாகப்பட்டினத்தில் அன்று நூற்றுக்கணக்கில் மீனவர்கள் இருந்திருப்பார்கள். எல்லோரும் நாயன்மார் ஆகவில்லை. அந்த ஒரு மீன்தான் வித்தியாசம்.

உங்கள் மயிலையின் வாயிலார் மனத்துக்குள் கோயில் கட்டி, உணர்வை விளக்காக ஏற்றி, அன்பை அமுதாகப் படைத்தார். திருநின்றவூர்ப் பூசலார் அஸ்திவாரம் முதல் கோபுரம்வரை மனத்திலேயே கட்டினார். இவையெல்லாம் வேலைக்கு நடுவே தற்செயலாக நடந்தவையா? உள்ளே உட்கார்ந்து நாள் தவறாமல் செய்தது. நான் அம்பத்தூர் நண்பரிடம் கேட்பதும் அதைத்தான். உங்கள் நாளில் அந்த ஒரு மீன் எது?

சோழிங்கநல்லூர்_இரவுப்பணி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "வேலையே வழிபாடு" என்று கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் முன்பு இருந்த அலுவலகத்தில் மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள். அதற்குச் சம்பளம் கேட்டபோது என் மேலாளர், கடமையைச் செய் பலனை எதிர்பாராதே என்றார். எனக்கு அன்று கீதை மேலேயே கோபம் வந்தது. இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

மாடவீதி_கிழவன்

தம்பி, படியுங்கள். 2ஆம் அத்தியாயம், 47ஆம் சுலோகம். செயலில்தான் உனக்கு அதிகாரம், பலன் உன் கையில் இல்லை என்பது ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. கூலி கொடுக்க வேண்டியவன் கூலிக்காரனைப் பார்த்துச் சொல்வதற்கு அது வழியே இல்லை. சம்பளத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மடிப்பாக்கம்_சமையலறை

மூன்று நாளாகப் படித்துவிட்டு இன்று எழுதுகிறேன். நானும் வேலைக்குப் போகிறேன், படுக்கையில் இருக்கும் மாமியாரையும் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு பெரியவர்களும் அழகாகப் பேசுகிறீர்கள். ஆனால் ஒருவர் வீட்டை விட்டுப் போகிற கதை சொல்கிறார், இன்னொருவர் வீட்டில் இருந்தே ஞானம் அடைகிற கதை சொல்கிறார். இரண்டிலும் அடுப்பில் யாரோ சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதிபத்தர் அந்த ஒரு மீனை விட்டபோது பட்டினி கிடந்தது வீடு முழுவதும். அவர் மனைவியிடம் யாரும் கேட்டார்களா?

பிருகதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொத்தை இரண்டு மனைவிகளுக்கும் பிரித்துத் தருகிறேன் என்கிறார். மைத்ரேயி, "இதனால் நான் அமரத்துவம் அடைவேனா?" என்று கேட்கிறாள். அந்த உரையாடல்தான் நமக்கு உபநிஷத். நல்லது. இன்னொரு மனைவி காத்யாயனி இருந்தாளே? அவளுக்குப் பெண்களுக்குரிய அறிவுதான் என்று ஒரு வரி எழுதி அங்கேயே விட்டுவிட்டார்கள். அத்தனை வருடம் அந்த வீட்டை நடத்தியவள் அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டு வேலையே யோகம் என்றால் அவளுக்கல்லவா முதலில் ஞானம் வந்திருக்க வேண்டும்?

நான் இல்லறத்தைக் குறை சொல்லவில்லை. மாமியாருக்குப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கும்போது சில நாள் எனக்குள் ஒரு பெரிய அமைதி வரும். அது உண்மை, எந்தக் கோயிலிலும் எனக்கு அது வந்ததில்லை. ஆனால் அது வருவது நானாக அதைச் செய்யும் நாளில். "நீ செய்வதே தவம்மா" என்று சொல்லிவிட்டு யாராவது நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை எடுக்கும் நாளில் வருவதில்லை. காரைக்கால் அம்மையார் பேயுரு வேண்டிப் பெற்றுத் திருவாலங்காட்டுக்குப் போனதை நான் சின்ன வயதில் பயத்தோடு கேட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது.

அம்பத்தூர் சாருக்கு ஒரு கேள்வி. காலையில் குளிப்பாட்டுவது நீங்கள். நீங்கள் ஷிப்டுக்குப் போன பிறகு அப்பாவை மாற்றி உடுத்துவது யார்? நடுராத்திரி எழுந்து கதவைத் திறக்கப் போனால் பிடித்துக் கூட்டி வருவது யார்?

மாடவீதி_கிழவன்

சகோதரி, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மனைவி ஆறு வருடம் என் தாயாரைப் பார்த்துக்கொண்டாள். நான் அப்போது தினமும் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அம்பத்தூர்_அன்பன்

எல்லோருக்கும் நன்றி. மடிப்பாக்கம் அம்மா கேட்டதற்குப் பதில்: பகலில் ஒரு அம்மா வருகிறார், மூன்று மணிவரை. அதற்குப் பிறகு என் மனைவி. ராத்திரியும் அநேகமாக மனைவிதான். எனக்குத் தூக்கம் கனம் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதை மறுத்ததில்லை. கேள்வியைப் படித்த பிறகு நேற்று அவளிடம், உனக்கு ஏதாவது செய்ய ஆசை இருந்ததா என்று கேட்டேன். திருமணத்துக்கு முன் திருப்புகழ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். 19 வருடத்தில் நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. ஞாயிறு காலை பக்கத்திலேயே ஒரு வகுப்பு நடக்கிறது. இந்த வாரம் முதல் போகிறாள். ராத்திரியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

ஒற்றியூர் ஐயா கேட்ட ஒரு மீன். அதையும் யோசித்தேன். அப்பா முதல் மூன்று தடவை கேட்கும்போது நன்றாகவே பதில் சொல்கிறேன். நான்காவது தடவை குரல் ஏறிவிடுகிறது. அவர் முகம் சின்னப் பிள்ளை மாதிரி சுருங்கும். எட்டு வருடத் தியானத்தில் என் கோபத்தை நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. இப்போது நான்காவது தடவை கேட்டதும் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டு, இறைவன் பெயரை ஒரு தடவை மனத்துக்குள் சொல்லிவிட்டு, பிறகு "இன்னும் வரலப்பா" என்கிறேன். இரண்டு நாளில் ஏழெட்டு தடவை முடிந்தது, மற்ற தடவையெல்லாம் கத்திவிட்டேன்.

ஒற்றியூர்_கடலோரம்

அந்த மூச்சு சரி, அதை விடாதீர்கள். ஆனால் என் கருத்து மாறவில்லை. கோபம் வரும்போது மட்டும் பிடிக்கிற கயிறு அவசரத்தில் கை நழுவும். அதற்கென்று தனியாக உட்கார்ந்து முறுக்கிய கயிறுதான் நிற்கும். ராத்திரியில் உங்கள் பாதி முடிந்ததும் இருபது நிமிடம் உட்காருங்கள். தூக்கம் போனாலும் பரவாயில்லை. 31 வருடம் நாளைக்கு என்று தள்ளியவன் சொல்கிறேன்.

மடிப்பாக்கம்_சமையலறை

அந்த இருபது நிமிடம் உங்கள் மனைவிக்கும் ஒரு இருபது நிமிடமாக இருக்கட்டும் சார். அவர் பாதியில் முதலில்.