ஆஷ் மண்டபத்துக்குப் பெயர் மாற்றலாமா?

பாளை வாத்தியார்:
போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆஷ் நினைவு மண்டபத்துக்கு முன்னால் நின்று, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ரயில் பெட்டிக்குள் வைத்து வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற கலெக்டர் இவர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் சட்டென்று, "வ.உ.சி. கப்பல் கம்பெனிக்குக் குடைச்சல் கொடுத்தவருக்கு நம்ம ஊர்ல எதுக்கு சார் மண்டபம்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை, வெயில் அதிகம் என்று சொல்லி வேனில் ஏற்றிவிட்டேன். அப்போதிருந்து அது மனதில் உறுத்துகிறது. இடிக்கச் சொல்லவில்லை, பெயரை மட்டும் எடுத்துவிட்டு 1908இல் வேலைநிறுத்தம் செய்த தூத்துக்குடி கோரல் நூல் மில் தொழிலாளர் நினைவாக ஒரு பெயர் வைத்தால் என்ன? மனு எழுதலாமா?

சேரன்மகாதேவிக்காரன்:
வாத்தியாரையா, நான் இப்போது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வரில் இருக்கிறேன். நான் வந்த புதிதில் இங்கே மேற்கே தெரிகிற பெரிய மலைக்கு மவுண்ட் எவன்ஸ் என்று பெயர், 2023 செப்டம்பரில் மவுண்ட் புளூ ஸ்கை ஆக்கிவிட்டார்கள். அந்த எவன்ஸ் கொலராடோவில் கவர்னராக இருந்த காலத்தில்தான், 1864இல், சாண்ட் கிரீக் என்ற இடத்தில் செயென், அரபாஹோ என்ற பூர்வகுடி மக்களைப் பட்டாளம் கொன்று குவித்தது, செத்தவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும். அதில் அவர் பதவியே போனது. அப்படிப்பட்டவர் பெயரை எடுப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் புதுப் பெயரில் சிக்கல் வந்தது. அரபாஹோ மக்களுக்கு 'நீல வானத்து மக்கள்' என்றே ஒரு பெயர் உண்டு, அவர்களுக்குச் சம்மதம். வடக்கு செயென் மக்களோ அது எங்கள் புனிதச் சடங்கின் பெயர், அதைப் பலகையில் எழுதாதீர்கள் என்றார்கள். அடி வாங்கியவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, பாருங்கள். அப்புறம் அலாஸ்காவில் 2015இல் மெக்கின்லி மலையை, பூர்வகுடிகள் சொல்லும் பெயரான தெனாலி ஆக்கினார்கள், 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அது மறுபடி மெக்கின்லி. மனு எழுதுமுன் இதையும் யோசியுங்கள்.

கே.டி.சி. நகர் பெருசு:
தம்பி, பெயர் மாற்றுகிற விஷயத்தில் நம்ம பக்கத்துக்கு அமெரிக்கா வந்து பாடம் எடுக்க வேண்டாம். 1997 ஞாபகம் இருக்கா? விருதுநகரில் புதிதாக வந்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்த தளபதி. ஆனால் அவர் பிறந்த சாதியைச் சொல்லி, அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பி, தென்மாவட்டம் முழுக்கக் கலவரம். கடைசியில் அரசு, கழகம், மாவட்டம் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் வெறும் திருநெல்வேலி ஆனது, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. ஒருவருக்கு வைத்தது பிடிக்காமல் வ.உ.சி. பெயரும் சேர்ந்து போச்சு! கட்டபொம்மன் டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் போயும் எங்கள் ஏரியா மட்டும் இன்னும் கே.டி.சி. நகர். இங்கே வளர்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், அந்த 'கே' யார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. வாத்தியாரே, ஆஷ் பெயரை எடுக்க எவனும் சண்டைக்கு வர மாட்டான். அடுத்து யார் பெயர் என்று கேட்கும்போதுதான் அருவாள் வரும்.

செங்கோட்டை பாசஞ்சர்:
பெருசு சொல்வது சரி, ஆனால் ஆஷ் பெயரை எடுப்பதுகூட அவ்வளவு லேசு இல்லை. வாஞ்சி எங்கள் ஊர்க்காரர். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் நாட்டு விடுதலையோடு சனாதன தர்மமும், அந்நியரை இழிவாகச் சொல்லும் மிலேச்சர் என்ற சொல்லும் வருகின்றன, அதைக் காட்டி, சுட்டது நாட்டுக்காக மட்டும்தானா என்று கேட்பவர்கள் நிறைய. இன்னொரு பக்கம், பிரசவ வலியில் துடித்த தலித் பெண்ணை ஆஷ் அக்கிரகாரம் வழியாகக் கொண்டுபோனார், அதற்காகத்தான் சுட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை ஓடுகிறது. அந்தக் காலத்துப் பதிவு ஒன்றைக் காட்டுங்கள் என்றால் யாரும் காட்டுவதில்லை. ஆனால் அந்தக் கதையை நம்புகிறவர்களின் கோபம் பொய்யில்லையே, அக்கிரகாரத்துக்குள் நடக்க முடியாத காலம் இருந்தது நிஜம்தானே. ஜங்ஷன் பெயரை வாஞ்சி மணியாச்சி ஆக்கினார்கள், டிக்கெட்டில் அப்படித்தான் இருக்கு, வாயில் வருவது மணியாச்சி மட்டும். அது சரி சார், ஆஷ் கல்லறை உங்கள் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறதே, அதை என்ன செய்வீர்கள்?

பாளை வாத்தியார்:
கல்லறையை யார் என்ன செய்ய, அது பாட்டுக்கு இருக்கட்டும். 1997இல் நான் காலேஜ், பஸ் ஓடாமல் நடந்தே வீட்டுக்கு வந்த நாளெல்லாம் உண்டு, அதை மறந்துவிட்டுத்தான் மனு எழுதக் கிளம்பியிருக்கிறேன். பெயர் மாற்றச் சொல்லி எழுதவில்லை. மண்டபத்துப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பலகை வைக்கச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதப் போகிறேன்: ஆஷ் யார், கோரல் மில்லில் என்ன நடந்தது, வ.உ.சி.யைக் கைது செய்ததும் 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தது, எல்லாம் அதில் வரணும். வாசகத்தை அந்தப் பையனையே எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த நான்கு பேரின் பெயரையும் போடணும் என்று அடம்பிடிக்கிறான், யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.