ஈதரில் எதுவும் ஏறவில்லை, களைக்கொல்லி 'இல்லை' என்று எழுதலாமா?

கேள்வி (காரைக்குடி):
தேவகோட்டைப் பக்கத்து வழக்கு, நச்சு ஆய்வுக்கு வந்தது. பாராகுவாட் (களைக்கொல்லி) குடித்ததாகக் குறிப்பு, 6ஆம் நாள் மரணம். உள்ளுறுப்புகள் செறிவான உப்புக் கரைசலில் வந்திருக்கின்றன, சிறுநீர் தனிக் குப்பியில். அமிலம், காரம் இரண்டிலும் ஈதர் கரைப்பானில் இறக்கி ஜிசி-எம்எஸ் (ஆவியாக்கிப் பிரித்து, நிறையை வைத்து இனங்காணும் கருவி) ஓட்டியாச்சு, ஒன்றும் இல்லை. சிறுநீரில் டைதயோனைட் தூள் (பாராகுவாட் இருந்தால் நீலமாக்கும்) போட்டும் நிறம் வரவில்லை.

பதில் (மதுரை):
எழுதிடாதீங்க சார். பாராகுவாட் இரட்டை நேர்மின் அயனி. எந்த பிஎச்சிலும் (அமில-கார அளவு) ஈதருக்கு ஏறாது, நீரிலேயே நிற்கும். ஜிசியிலும் அப்படியே ஆவியாகாது. நீங்க ஒதுக்கிய நீர்ப்பகுதியில்தான் தேடணும்.

அதுக்கு முன்னாடி டைதயோனைட் டப்பாவைப் பாருங்க. ஈரக்காற்று பட்டால் வீரியம் போயிடும். 1 மிலி சிறுநீர், 2 மோலார் அம்மோனியா 0.5 மிலி, கலக்கிட்டு 20 மிகி தூள். பக்கத்திலேயே வெறும் சிறுநீர் ஒரு குழாய், பாராகுவாட் சேர்த்த சிறுநீர் ஒரு குழாய். சேர்த்த குழாயே நீலமாகலேன்னா தூள்தான் கோளாறு.

பதில் (திருச்சி):
இரைப்பைக் கழுவல் நீரில் செய்தால் கவனம். களைக்கொல்லி மருந்திலேயே சாயம் கலந்திருக்கும், தூள் போடும் முன்பே நீலப்பச்சையாக நிற்கும். பாராகுவாட்டின் நீலம் காற்றில் குலுக்கினால் மங்கும், மறுபடி தூள் போட்டால் திரும்பும். மஞ்சள்பச்சை வந்தால் டைகுவாட் (அதே வகைக் களைக்கொல்லி).

காரைக்குடி:
புதுத் தூளில் சேர்த்த குழாய் நல்ல நீலம். வழக்குச் சிறுநீர் அப்படியேதான் இருக்கு சார்.

மதுரை:
இந்தச் சோதனை லிட்டருக்கு 1 மிகி அளவுக்குக் கீழே பார்க்காது. 6ஆம் நாளில் அதற்குக் கீழே இறங்கியிருக்கலாம். இரத்தத்திலும் சீக்கிரம் குறையும். நுரையீரல்தான் பிடித்து வைக்கும், அடுத்தது சிறுநீரகம்.

2 கிராம் திசுவை அரைத்து, 10% டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் புரதத்தை வீழ்த்தி, சென்ட்ரிஃபியூஜ் பண்ணி, மேல்நீரை பிஎச் 7க்குக் கொண்டுவந்து வலுக்குறைந்த கேட்டயான் கார்ட்ரிட்ஜில் (நேர்மின் அயனிகளைப் பிடிக்கும் சிறு குழாய்) ஏற்றுங்க. இறக்க ஃபார்மிக் அமிலம் கலந்த அசிட்டோநைட்ரைல். உப்புதான் இங்கே வில்லன்: செறிவான கரைசலில் 100 மிலி நீருக்குச் சுமார் 36 கிராம் சோடியம் குளோரைடு, அத்தனை சோடியமும் கார்ட்ரிட்ஜின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறைய நீர்த்துங்க. அதே உப்பில் தெரிந்த அளவு பாராகுவாட் சேர்த்து, எவ்வளவு திரும்ப வருதுன்னும் பாருங்க. திசுவிலிருந்து அது உப்பு நீருக்கும் கசியும், அதனால் ஜாடி நீரையும் கொட்டாதீங்க.

எல்சி-எம்எஸ்-எம்எஸ்சில் (திரவத்தில் பிரித்து, நிறையை வைத்து இனங்காணும் கருவி) பாராகுவாட்டுக்கு 186→171 (அயனியின் நிறை, அது உடைந்த துண்டின் நிறை), டைகுவாட்டுக்கு 183→157. கண்ணாடி வயல் வேண்டாம், சுவரில் ஒட்டிக்கும், பாலிபுரொப்பிலீன் போதும்.

காரைக்குடி:
எங்ககிட்ட எல்சி-எம்எஸ் இல்லை.

மதுரை:
அப்படின்னா 'சிறுநீரில், இந்த முறையில் (கண்டறியும் எல்லை 1 மிகி/லிட்டர்), கண்டறியப்படவில்லை'ன்னு மட்டும் எழுதி, நுரையீரலையும் ஜாடி நீரையும் கருவி இருக்கிற ஆய்வகத்துக்கு முத்திரையோடு அனுப்புங்க.