உயர்மட்டத் தகவல் முறைமை: என் பரிந்துரை

நண்பர்களே,

நிறுவனத்தின் உச்சியில் இருப்பவர்கள் நேரடியாகப் பார்க்கும் கணினித் தகவல் முறைமையை ஆங்கிலத்தில் எக்ஸிகியூட்டிவ் இன்ஃபர்மேஷன் சிஸ்டம் என்கிறார்கள். அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட 'நிர்வாகத் தகவல் அமைப்பு' எனக்குச் சரியாகப் படவில்லை. மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டத்துக்கு 'மேலாண்மைத் தகவல் முறைமை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். 'தலைமைத் தகவல் முறைமை' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தகவல்தான் தலைமையானது என்று பொருள் போய்விடும். இலங்கையில் எக்ஸிகியூட்டிவ் டைரக்டரை 'நிறைவேற்றுப் பணிப்பாளர்' என்கிறார்கள், தமிழ்நாட்டு வாசகருக்கு அந்த 'நிறைவேற்று' சட்டென்று பிடிபடாது.

திரைக்கு முன்னால் உட்காருபவர் யார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் கட்சி. இந்த முறைமைகள் பெரிய நிறுவனங்களுக்குள் நுழைந்த விதமே அப்படி. அமெரிக்காவின் லாக்ஹீட்-ஜார்ஜியா விமான நிறுவனத்தில் 1978-இல் மிட்ஸ் என்ற முறைமையைக் கட்டத் தொடங்கியதற்குக் காரணம், அதன் தலைவர் ராபர்ட் ஆர்ம்ஸ்பி தனக்கு வேண்டும் என்று கேட்டதுதான். அவர் ஒருவருக்காக 31 திரைப் பக்கங்களில் ஆரம்பித்தது, 1980-களின் நடுவில் எழுநூறைத் தாண்டி, மற்ற உயரதிகாரிகளுக்கும் போனது. ஒவ்வொரு திரையிலும் தகவல் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, யார் தந்தது, அவருடைய தொலைபேசி எண் என்ன என்று போட்டிருக்கும். நிலைமை நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. சிவப்பைப் பார்த்த தலைவர் நேராக அந்த எண்ணுக்கே போன் போடலாம் என்றால், இடைநிலை மேலாளர்களுக்கு வயிற்றைக் கலக்காதா என்ன! இப்படிப்பட்ட முறைமைகள் பல இடங்களில் முட்டி நின்றது கணினியால் அல்ல, தன் துறையின் எண்களை மேலே காட்ட யாருக்கும் மனம் வராததால்தான். மேலிடத்தில் ஒருவர் விடாப்பிடியாக நிற்காவிட்டால் கதை அத்தோடு முடிந்தது.

ஆகவே 'உயர்மட்டத் தகவல் முறைமை'. 'அமைப்பு' வேண்டாம், நிறுவனத்தையும் அமைப்பு என்றுதானே எழுதுகிறோம், அப்புறம் "அமைப்பில் அமைப்பை அமைத்தல்" என்று வந்து நிற்கும்.

டிரில் டவுன் என்ற சொல்லுக்கு முன்வைக்கப்பட்ட 'கீழ்த்துளைப்பு' ஆழ்துளைக் கிணறு போடுவதுபோல் இருக்கிறது. மொத்த எண்ணிலிருந்து பிரிவு, பிரிவிலிருந்து தனி ஆர்டர் என்று இறங்குவதைத் 'துருவிப் பார்த்தல்' என்றால் விளக்கமே தேவையில்லை. பெயர்ச்சொல்லாகத் 'துருவல்' என்று சுருக்கினால் தேங்காய்தான் ஞாபகம் வரும், அதை மட்டும் தவிர்ப்போம்.

முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டுக்கான சொல்லைத் தனியாகப் பேசுவோம்.