14 மூட்டையா, 23 மூட்டையா? தளம் கலவைக் கணக்கில் எங்கே தப்பு?

குடியாத்தம்காரன்:
வணக்கம். அம்மாவுக்காக மாடியில் ஓர் அறை கட்டுகிறோம், ஞாயிற்றுக்கிழமை தளம் போடுகிறோம். 24க்கு 10 அடி, கனம் 5 அங்குலம், ஆக 100 கன அடி கான்கிரீட். சிமெண்ட், எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ஜல்லி 1 : 1.5 : 3. மொத்தம் 5.5 பங்கு. 100ஐ 5.5ஆல் வகுத்தால் ஒரு பங்கு 18.18 கன அடி, மூட்டைக்கு 1.25 கன அடி என்று வைத்தால் சிமெண்ட் 14.5 மூட்டை வருகிறது. மேஸ்திரி 23 கேட்கிறார். பத்து வருஷமாகத் தெரிந்தவர், சந்தேகப்பட மனசு வரவில்லை, ஆனால் இது கடன் வாங்கிய பணம். யாராவது சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை சைட்:
தம்பி, மேஸ்திரி சொல்வது சரி. நீங்கள் பங்கு பிரித்த முறையிலும் தப்பு இல்லை, பிரிக்க எடுத்த 100தான் தப்பு. ஒரு படி பொரியில் ஓர் ஆழாக்கு சர்க்கரையைக் கொட்டிப் பாருங்கள், சர்க்கரை இடுக்கில் இறங்கிவிடும், படி வழியாது. அதே மாதிரி ஜல்லி இடுக்கில் மணலும் மணல் இடுக்கில் சிமெண்டும் போய் உட்கார்ந்துவிடும், தண்ணீர் ஊற்றிக் குத்தியதும் இன்னும் இறுகும். அதனால் 100 கன அடி தளத்துக்கு உலர்ந்த பொருள் சுமார் 154 கன அடி வேண்டும், அதாவது 1.54 மடங்கு. பிரிக்க வேண்டியது அந்த 154ஐ.

ஆற்காடு வாத்தியார்:
அரை வந்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள், அதனால் நான் முதலில் இரண்டால் பெருக்கச் சொல்வேன். 2 : 3 : 6 ஆகிவிடும், மொத்தம் 11 பங்கு. 154ஐ 11ஆல் வகுத்தால் 14. சிமெண்ட் 28, எம் சாண்ட் 42, ஜல்லி 84 கன அடி. கூட்டினால் திரும்ப 154 வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 28ஐ 1.25ஆல் வகுத்தால் 22.4 மூட்டை, வாங்குவது 23.

குடியாத்தம்காரன்:
ஐயா, அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் மேஸ்திரிக்குப் போன் செய்து 23 வாங்குகிறேன் என்று சொன்னேன். அப்போ எம் சாண்ட் அரை யூனிட், ஜல்லி ஒரு யூனிட் இறக்கினால் போதும்தானே? இன்னொன்று, ஆட்கள் பாண்டு சட்டியில் அள்ளிப் போடும்போது இந்த 1 : 1.5 : 3 நிற்குமா?

ராணிப்பேட்டை சைட்:
ஒரு யூனிட் 100 கன அடி, அதனால் போதும், கொஞ்சம் மிஞ்சும். பாண்டை நம்பாதீர்கள், ஒருவர் குவித்து அள்ளுவார், இன்னொருவர் தட்டி அள்ளுவார். பலகையில் உள்ளளவு 12க்கு 12, உயரம் 15 அங்குலம் வைத்து ஒரு பெட்டி அடியுங்கள், சரியாக 1.25 கன அடி, அதாவது ஒரு மூட்டை. மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி, அவ்வளவுதான். மணல் ஈரமாக இருந்தால் உப்பி நிற்கும், பெட்டி நிறைந்தாலும் உள்ளே மணல் குறைவு, அதற்குக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டரைத் தாண்டவே கூடாது, ஆட்கள் இளக்கமாக இருந்தால் தள்ள சுலபம் என்று ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். நம்ம வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கு மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிடுங்கள், குறைந்தது 10 நாள்.