கோச் கன்வர்ஷனுக்கு "பெட்டி மாற்றம்" சரியா வருமா? கூண்டு, அடிச்சட்டம்னு பிரிக்கலாமே

ஐயாவுக்கும் மத்தவங்களுக்கும் வணக்கம்.

> கோச் கன்வர்ஷனுக்கு "பெட்டி மாற்றம்" போதும், எளிமையா இருக்கு, எல்லாருக்கும் புரியும்.

எளிமைதான் ஐயா, ஆனா கோச் கன்வர்ஷனுக்கு, அதாவது ஏற்கெனவே இருக்குற ரயில் பெட்டிய வேற விதமா மாத்திக் கட்டுறதுக்கு, அது போதாதுன்னு படுது. பழைய பிரிட்டிஷ் ரயில் பெட்டிகள பத்தி எழுத உக்காந்ததுல இருந்து ரெண்டு நாளா இந்த ஒரு வார்த்தைலயே முட்டிக்கிட்டு நிக்கிறேன், ஏன்னு சொல்றேன் பாருங்க.

விக்டோரியா ராணிக்கு 1869ல இங்கிலாந்துல வுல்வர்டன் ரயில் பட்டறைல ரெண்டு ஆறு சக்கர வண்டி கட்டுனாங்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு போக நடுவுல கொல்லன் துருத்தி மாதிரி மடிஞ்சு விரியுற நடைவழி. 1895ல அந்த ரெண்டையும் தூக்கி, பன்னெண்டு சக்கரம் வச்ச ஒரே நீளமான அடிப்பாகத்து மேல உக்கார வச்சு ஒரே வண்டியாக்கிட்டாங்க. இத போய் "பெட்டி மாற்றம் செய்யப்பட்டது"ன்னு எழுதுனா படிக்கிறவர் என்ன நினைப்பார்? பழச கழிச்சுட்டு புதுப் பெட்டி கொடுத்தாங்கன்னுதான். நடந்தது அதுக்கு நேர்மாறு, மேல இருந்தது தங்கிடுச்சு, கீழ இருந்ததுதான் போச்சு.

அதனால கன்வர்ஷனுக்கு வார்த்தை தேடுறதுக்கு முன்னாடி பெட்டிங்கிறத ரெண்டா பிரிக்கணும்னு நான் சொல்றேன். நாம ஜன்னல், சீட், கூரை எல்லாம் இருக்குற மேல்பாகத்தையும் பெட்டிங்கிறோம், சக்கரத்தோட சேத்து முழுசையும் பெட்டிங்கிறோம். இன்னிக்கு பயணம் போறவருக்கு அது போதும், வரலாறு எழுதுறவருக்கு போதாது, ஏன்னா அந்தக் காலத்துல ரெண்டும் நெசமாவே வேற வேற கைல உருவானது. அடிலெய்ட் ராணிக்கு 1842ல கட்டுன வண்டி இன்னிக்கும் யார்க் ரயில்வே மியூசியத்துல நிக்குது, அதோட மேல்பாகம் சாலைல ஓடுற குதிரை கோச்சு கட்டுற லண்டன் பட்டறைல செஞ்சது, அடிப்பாகம் ரயில்வே கம்பெனி செஞ்சது. அதுக்கு முன்னாடி 1830ல லிவர்பூல் மான்செஸ்டர் லைன்ல வந்த முதல் வகுப்பு வண்டிகளும் மூணு குதிரை கோச்சோட உடம்ப வரிசையா ஒட்டி ஒரு நாலு சக்கர அடிப்பாகத்துல வச்ச மாதிரிதான் இருக்கும், மூட்டை முடிச்சு கூரை மேல, கார்டுக்கும் மேலதான் சீட். கோச், கார்டு, புக்கிங் எல்லாமே குதிரை கோச்சுக்காரங்க பேச்சுல இருந்து ரயிலுக்கு வந்த வார்த்தைங்க.

நம்ம பக்கமும் இதே கதைதான். 1856 ஜூலை 1ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்கு ஓடுன முதல் ரயிலுக்கு பெட்டி கட்டுன சிம்சன் கம்பெனி, 1840ல குதிரை வண்டி கட்டத்தான் மெட்ராஸ்ல ஆரம்பிச்சது.

பிரிட்டிஷ்காரங்க அவங்க ஊர் வண்டிக்காரர்கிட்ட இருந்து வார்த்தை எடுத்துக்கிட்டாங்க, நாம நம்ம வண்டிக்காரர்கிட்ட கேக்கலாமே. எங்க தாத்தா வீட்டு மாட்டு வண்டில கூண்டு தனி. மூங்கில் வளைச்சு மேல பாய் வேஞ்சிருக்கும், எரு அடிக்கும்போது ரெண்டு ஆள் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இறக்கி மாட்டுக்கொட்டாய் சுவத்துல சாச்சு வச்சுடுவாங்க, திருவிழாவுக்கு போகணும்னா திரும்ப ஏத்தி கயிறு போட்டு இறுக்குவாங்க. "கூண்ட இறக்கு", "கூண்ட ஏத்து", இவ்வளவுதான் பேச்சு. கூண்டு இருந்தா கூண்டு வண்டி, இல்லன்னா மொட்டை வண்டி. விக்டோரியா ராணி வண்டிக்கு 1895ல நடந்ததும் கூண்ட இறக்கி வேற அடிப்பாகத்துல ஏத்துனதுதான!

அதனால என் பரிந்துரை, பாடிங்கிற மேல்பாகத்துக்கு கூண்டு, அண்டர்பிரேம்ங்கிற அடிப்பாகத்துக்கு அடிச்சட்டம். பெட்டிங்கிறது முழு வண்டிக்கே இருக்கட்டும்.

கூண்டுன்னா கிளிக்கூண்டு, சாட்சிக் கூண்டு ஞாபகம் வரும்னு ஒருத்தர் சொல்லியிருந்தார். கூண்டு வண்டின்னு சொல்லும்போது யாருக்கும் கிளி ஞாபகம் வராது, இடத்த வச்சு புரிஞ்சிடும். அண்டர்பிரேமுக்கு "சட்டகம்" நல்ல சொல்தான், ஆனா அது இப்ப கருத்துக்கும் திட்டத்துக்கும் போயிடுச்சு, மரமும் இரும்புமா கண்ணுக்கு தெரியுற பொருளுக்கு அடிச்சட்டம்தான் பொருந்துது. அடிச்சட்டத்த வண்டிக்காரங்க "பாரு"ன்னும் சொல்வாங்க, எனக்கு அது ரொம்ப புடிக்கும், ஆனா எழுத்துல "இங்கே பார்"னு படிச்சிடுவாங்களோன்னு விட்டுட்டேன்.

இப்ப கன்வர்ஷனுக்கு வருவோம். வெறும் "மாற்றம்" வேண்டாம், மீட்டர் கேஜ் லைன பிராட் கேஜ் ஆக்குனத "அகலப்பாதை மாற்றம்"னு பேப்பர்ல இத்தன வருஷமா படிச்சு அந்த வார்த்தை தண்டவாளத்தோட ஒட்டிக்கிச்சு. கிரேட் வெஸ்டர்ன்ங்கிற பிரிட்டிஷ் ரயில் கம்பெனி கதைல ரெண்டும் சேந்தே வருது, அவங்க தண்டவாளம் 7 அடி கால் அங்குலம், மத்த பெரும்பாலான கம்பெனிக்கு 4 அடி எட்டரை அங்குலம், 1892 மே மாசம் மிச்சமிருந்த அகலப்பாதையும் முடிஞ்சுது. அது வரும்னு தெரிஞ்சே முன்கூட்டியே ஒடுக்கமான கூண்ட அகலமான அடிச்சட்டத்து மேல வச்சு வண்டி கட்டியிருக்காங்க, நாள் வந்ததும் சக்கரத்தையும் சட்டத்தையும் மட்டும் பாத்தா போதும்னு. இப்படி கூண்டு தங்கி அடிச்சட்டம் மாறுறதுக்கு சட்டமாற்று. அடிச்சட்டம் அதேதான், மேல புதுசுன்னா கூண்டுமாற்று. ரெண்டும் அப்படியே இருந்து வேலை மட்டும் மாறுனா பயன்மாற்று, உதாரணத்துக்கு 1838 ஜனவரில பர்மிங்ஹாம் லிவர்பூல் நடுவுல ஓடுன முதல் ஓடும் தபால் ஆபீஸ் குதிரை ஏத்துற வண்டிய மாத்துனதுதான், நேத்து வரைக்கும் குதிரை நின்ன இடத்துல ஆள் நின்னு கடிதம் பிரிச்சிருக்காங்க.

அந்தக் காலத்துல பிரிட்டன்ல மூணாம் வகுப்புக்கு கூரையில்லாத வண்டி விட்டதுக்கும் புதுசா எதுவும் வேண்டாம், மொட்டை வண்டின்னே எழுதிடலாம். அத எழுதும்போது மனசு கனக்குது, 1841 டிசம்பர் 24 விடியக்காலைல இங்கிலாந்துல சோனிங்ங்கிற இடத்துல மண் சரிஞ்சு ரயில் மோதுனப்ப செத்தவங்க பக்கச்சுவர் தணிஞ்ச அந்த மாதிரி வண்டில வந்த தொழிலாளிங்க. 1844ல பார்லிமென்ட் சட்டம் போட்ட பிறகுதான் மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்துல, மழை வெயில் படாத வண்டில அவங்களையும் ஏத்தணும்னு ஆச்சு. மொட்டை வண்டிக்கு கூண்டு வந்துச்சுன்னு ஒரே வரில தமிழ்ல சொல்லிடலாம், எவ்வளவு நேரா வருது பாருங்க.

கம்பார்ட்மென்டுக்கு என்ன வார்த்தைங்கிறது இன்னும் தீரல. நம்ம ஊர்ல முழுப் பெட்டியையே கம்பார்ட்மென்ட்னு சொல்றோம், அந்தப் பழைய பிரிட்டிஷ் வண்டில ஒரு பெட்டிக்குள்ள தடுத்த ஒவ்வொரு பகுதியும் ஒரு கம்பார்ட்மென்ட், ஒவ்வொண்ணுக்கும் பக்கவாட்டுல தனிக் கதவு, உள்ள ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு போகவே வழி கிடையாது. "அறை"ன்னு வச்சிருக்கேன், "கட்டு"ன்னு ஒருத்தர் சொன்னார், மூணு கட்டு வண்டின்னு கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வீட்டுல ஒரு கட்டுல இருந்து அடுத்த கட்டுக்கு நடந்து போகலாம், அதான் தயக்கம்.

ஒரு வாக்கியம் எழுதிப் பாத்திருக்கேன், இங்கிலாந்துக்கு தெக்க இருக்குற வைட் தீவோட ஸ்டீம் ரயில்வே பத்தி: "கடலோர வீடாகவும் தோட்டத்துக் கொட்டகையாகவும் கிடந்த விக்டோரியா காலக் கூண்டுகளை மீட்டு, பிற்காலத்துப் பார்சல் வண்டிகளின் அடிச்சட்டங்களில் ஏற்றி மீண்டும் ஓட்டுகிறார்கள்." இதுல கூண்டு, அடிச்சட்டம் ரெண்டையும் எடுத்துட்டு பெட்டின்னு போட்டு படிச்சுப் பாருங்க ஐயா, அப்புறமும் "பெட்டி மாற்றம்" போதும்னு பட்டா சொல்லுங்க, கேட்டுக்கறேன்.