லோயரில் 10 மில்லியா, 30 மில்லியா?

ஐந்துஎம்எம்
மலைச் சைக்கிளின் முன்புற சஸ்பென்ஷன் ஃபோர்க் பற்றிப் பக்கத்து இழையில் மேட்டுவண்டி எழுதியிருப்பது: "லோயரில் காலுக்கு 30 மில்லி எண்ணெய் விடுங்க, வருஷம் முழுக்கக் கழற்றவே வேண்டாம். 50 மணி நேரக் கணக்கெல்லாம் கம்பெனிக்காரன் பிழைப்பு." கீழே நாலு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். 50 மணி என்பது அத்தனை நேரம் ஓட்டியதும் லோயரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் சர்வீஸ். லோயர் என்றால் ஃபோர்க்கின் கீழ்க்குழாய்கள்; ஸ்டாஞ்சன் என்ற மேல்குழாய் அதற்குள் போய்வரும். ஃபோர்க்குகள் பாவம் என்றுதான் இந்தத் தனி இழை.

ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் லிரிக், பைக் வகையில் டேம்பர் (ஃபோர்க்கின் துள்ளலை அடக்கும் பகுதி) தனக்கென எண்ணெய் உள்ள மூடிய கார்ட்ரிட்ஜ். லோயரில் விடும் எண்ணெய்க்கு டேம்பிங்கில் ஒரு வேலையும் கிடையாது. புஷ்ஷிங்கும் (ஸ்டாஞ்சனைத் தாங்கும் உள்வளையம்) சீலும் வழுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் காலுக்கு 10 மில்லி போதும். பத்து.

கூட ஊற்றினால் என்ன ஆகும்? லோயருக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங். 35 மிமீ ஸ்டாஞ்சன் 150 மிமீ உள்ளே போனால் காலுக்கு ஏறக்குறைய 144 சிசி இடத்தை அடைத்துக்கொள்ளும். கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் இடம். எண்ணெய் அமுங்காது, காற்றுதான் அமுங்கும். அந்தக் கொஞ்ச இடத்திலும் 20 மில்லியை அதிகப்படியாக நிரப்பினால் கடைசி இரண்டு அங்குலம் கல்லாகிவிடும். அப்புறம் "முழு டிராவல் வரமாட்டேங்குது, டோக்கனைக் கழற்றவா?" என்று இங்கேயே வந்து கேட்பது. (டிராவல் என்றால் ஃபோர்க் அமுங்கும் தூரம்; டோக்கன், ஏர் ஸ்பிரிங்கின் காற்றிடத்தைக் குறைக்கும் துண்டு.)

மேட்டுவண்டி
என் பெயரைச் சொல்லி இழையே திறந்தாச்சா, சந்தோஷம். அந்த 10 மில்லி எங்கே போய் நிற்கிறது என்று சொல்லுங்க. காலின் அடியில். மேல் புஷ்ஷிங் எங்கே இருக்கிறது? சீலுக்குக் கீழே, உச்சியில். வண்டி நிமிர்ந்து நிற்கும்போது பத்து மில்லி அங்கே ஏறி வருமா? 30 இருந்தால் குலுங்கித் தெறிக்கும். இதற்கு 144 சிசி கணக்கு எதற்கு?

ஐந்துஎம்எம்
மேல் புஷ்ஷிங்குக்கு எண்ணெய் கொடுக்கத்தான் சீலுக்கு அடியில் எண்ணெயை உறிஞ்சி வைக்கும் ஃபோம் ரிங் இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. 50 மணி ஓடியதும் எடுத்து விரலிடுக்கில் பிழிந்தால் எண்ணெய் வராது, சாம்பல் நிறத்தில் ஒரு சகதி வரும். அதில் பாதி மண், பாதி ஸ்டாஞ்சனின் அனோடைசிங் பூச்சு தேய்ந்த தூள். 30 மில்லி விட்டால் அந்த மண்ணும் அந்த 30 மில்லியிலேயே சுற்றும். கழற்றினால்தான் போகும்.

சரி, படிக்கிறவர்களுக்காக முறையைச் சொல்கிறேன்.

முதலில் காற்றை முழுக்க இறக்குங்கள், வால்வ் கோரையும் கழற்றிவிடுங்கள். ரிபௌண்ட் குமிழை உருவுங்கள். அடி போல்ட் இரண்டையும் ஆலன் கீயால் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, போல்ட் தலையில் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டுங்கள். உள்ளே இறுகி உட்கார்ந்திருக்கும் ஷாஃப்ட் டொக்கென்று விடும். முழுக்கக் கழற்றிவிட்டுத் தட்டினால் ஷாஃப்டின் மரை போச்சு. லோயரை உருவும்போது கீழே தட்டு வையுங்கள். பழைய சீலை நெம்ப லோயர் விளிம்பில் துணி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூடிரைவர் நுனி சீல் உட்காரும் உட்சுவரைத் தொடவே கூடாது. ஒரு கீறல் போதும், சீல் மாற்றியும் பிரயோஜனமில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். புது ஃபோம் ரிங்கை எண்ணெயில் ஊறப் போட்டு, சொட்டச் சொட்ட உட்கார வையுங்கள். சீல் உதட்டில் மெல்லிய கிரீஸ். லோயரைப் பாதி ஏற்றி, சாய்த்துப் பிடித்து, அடி ஓட்டை வழியாகக் காலுக்கு 10 மில்லி. அடி போல்ட்டுக்குப் புது கிரஷ் வாஷர் (முறுக்கும்போது நசுங்கி அடைப்பது). 7.3 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். முடிந்தது.

சேற்றுச்சக்கரம்
"லிரிக், பைக் வகையில்" என்றால்? லிரிக் ஃபோர்க், பைக் வண்டியா? வண்டி மொத்தத்துக்கும் 10 மில்லியா?

ஐந்துஎம்எம்
பைக் என்பதும் ஃபோர்க் மாடல்தான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து, நான் என்ன செய்ய.

சொல்லாயுதம்
இதற்குத்தான் கலைச்சொல் வேண்டும் என்று மூன்று வருடமாகக் கத்துகிறேன். ஃபோர்க் என்றால் கவை. லோயர் என்றால் கீழ்க்கால். சீல் என்றால் அடைப்பான். "கவையின் கீழ்க்காலில் 10 மில்லி" என்று எழுதினால் யாருக்குக் குழப்பம் வரும்?

சேற்றுச்சக்கரம்
எல்லாருக்கும்.

பழையகவை
மேட்டுவண்டி தம்பி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பழைய மர்சோக்கி பாம்பர் ஃபோர்க்கெல்லாம் திறந்த எண்ணெய்க் குளியல். ஒரே எண்ணெய்தான் டேம்பிங்கும் பண்ணும், புஷ்ஷிங்கையும் நனைக்கும். மில்லிக் கணக்கைவிட எண்ணெய் மட்டத்தின் உயரம்தான் முக்கியம், அதை ஏற்றி இறக்கியே கடைசி டிராவலைச் சரி பண்ணலாம். பத்து மில்லியெல்லாம் அதற்கு மூக்குப்பொடி. இன்றைக்கும் அவை வழுக்கிக்கொண்டு போகின்றன.

மேட்டுவண்டி
பார்த்தீங்களா! அண்ணனே சொல்லிட்டார். நிறைய எண்ணெய் என்றால் நீண்ட ஆயுள்.

ஐந்துஎம்எம்
அவர் பேசுவது திறந்த குளியல். நான் பேசுவது மூடிய கார்ட்ரிட்ஜ். ரசத்தில் இவ்வளவு தண்ணீர் விடுகிறார்களே என்று பொங்கலிலும் விடுவீர்களா?

மேட்டுவண்டி
எண்ணெய் எண்ணெய்தானே. இன்னொரு ஃபோர்க் கம்பெனி ஃபாக்ஸ், அவன் கையேட்டைப் பாருங்க, சில மாடலில் டேம்பர் இருக்கும் காலுக்கு ஏர் ஸ்பிரிங் இருக்கும் காலைவிட எண்ணெய் ரொம்ப ஜாஸ்தி. அவன் எஞ்சினியருக்கு உங்க 144 சிசி தெரியாதா?

ஐந்துஎம்எம்
ஃபாக்ஸ் லோயரின் உள்வடிவம் வேறு. எண்ணெயும் வேறு, கோல்ட் 20 வெய்ட். ராக்‌ஷாக்ஸ் இதற்குச் சொல்லிவந்தது 0டபிள்யூ-30. அதோடு, உள்ளே காற்று ஏறி அழுத்தம் சேர்வது ஃபாக்ஸுக்கும் தலைவலியாக இருந்ததால்தான் 2021இன் 36, 38 என்ற இரண்டு ஃபோர்க்கிலும் லோயருக்குப் பின்னால் காற்று விடும் பொத்தானே வைத்தார்கள். இடம் முக்கியமில்லை என்றால் பொத்தான் எதற்கு? 10 மில்லி.

சேற்றுச்சக்கரம்
0டபிள்யூ-30 எஞ்சின் ஆயில் கிரேடு ஆச்சே. டபிள்யூ என்றால் வெய்ட். 20 வெய்ட்டைவிட 30 வெய்ட் கெட்டி. அப்போ ராக்‌ஷாக்ஸ்தானே கெட்டி எண்ணெய் போடுகிறான்?

ஐந்துஎம்எம்
அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து, வெய்ட் இல்லை. சஸ்பென்ஷன் எண்ணெயில் போடும் "வெய்ட்" எண்ணுக்குப் பொது அளவுகோலே கிடையாது, ஒரு கம்பெனியின் 5 இன்னொருவனின் 7.5. ஒப்பிட வேண்டுமென்றால் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு) என்று பாருங்கள். பிரேக் திரவத்தில் டாட் 5க்கும் 5.1க்கும் வித்தியாசம் தெரியாமல் பிரேக் இழையில் சிலிக்கான் திரவத்தை ஊற்றச் சொன்னவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்.

சேற்றுச்சக்கரம்
அந்தப் பதிவைத் திருத்தி ஒரு வருஷம் ஆச்சு. உங்களுக்கு ஃபோம் ரிங் காய்ந்தாலும் வன்மம் காயாது.

மேட்டுவண்டி
சரி, 7.3 என்றீர்களே, ஃபாக்ஸில் அதைவிடக் குறைவு. எல்லாரும் 7.3 வைத்து முறுக்கி மரையைக் கழற்றட்டுமா?

ஐந்துஎம்எம்
ராக்‌ஷாக்ஸ் பற்றிப் பேசும் பத்தியில் ராக்‌ஷாக்ஸ் டார்க் சொன்னேன். டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறவர் அந்தந்தக் கையேட்டைப் பார்ப்பார். வைத்திராதவர் எப்படியும் மரையைக் கழற்றத்தான் போகிறார்.

இன்னொன்று. "நிறைய இருந்தால் நல்லது" என்ற இதே புத்திதான் ஏர் ஸ்பிரிங்கிலும் வருகிறது, கிரீஸை அள்ளி அப்புவது. ஸ்டாஞ்சன் உட்சுவரில் சின்னக் குழி ஒன்று இருக்கும். பிஸ்டன் அதைத் தாண்டும்போதுதான் மேல் அறைக் காற்றும் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் நெகட்டிவ் அறைக் காற்றும் சமமாகும். கிரீஸ் அந்தக் குழியை அடைத்தால் சமமாகாது, ஃபோர்க்கின் முதல் பகுதி விறைத்து நிற்கும். பிஸ்டன் ஓ-ரிங் கசிந்தால் கதை நேர் எதிர், நெகட்டிவ் அறை வீங்கி ஃபோர்க் தானாகக் கீழே இழுத்துக்கொள்ளும். காற்றடிக்கும்போதும் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள். பாதி அடித்து, பத்துத் தடவை மெதுவாக அமுக்கி விட்டு, மீதியை அடியுங்கள். ஏர் ஸ்பிரிங்கை அடியில் மூடும் சீல் ஹெட்டைப் பிடித்திருக்கும் சர்க்ளிப்பைத் தொடும் முன் காற்று இல்லை என்பதை இரண்டு தடவை பாருங்கள், இருந்தால் அது முகத்துக்குத்தான் வரும்.

சொல்லாயுதம்
சர்க்ளிப் - வட்டப்பிடி.

பழையகவை
எங்கள் ஃபோர்க்கில் குழியும் இல்லை, நெகட்டிவும் இல்லை. சுருள் ஸ்பிரிங்கும் எண்ணெயும்தான். வால்வைக் கண்டுபிடித்தவன் வேலையையும் கண்டுபிடித்தான்.

மேட்டுவண்டி
50 மணிக்கே திரும்புவோம். ராக்‌ஷாக்ஸ் 50 மணி என்கிறான், ஃபாக்ஸ் 125 மணி அல்லது வருஷத்துக்கு ஒருமுறை என்கிறான். மண் ஒரே மண், சீல் ஒரே ரப்பர். எவன் சொல்வது உண்மை? அதனால்தான் பிழைப்பு என்றேன்.

ஐந்துஎம்எம்
ராக்‌ஷாக்ஸின் 50 மணி லோயரை மட்டும் கழற்றும் சர்வீஸ். ஃபாக்ஸின் 125 மணி முழு சர்வீஸ். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

மேட்டுவண்டி
சர்வீஸ் என்றால் சர்வீஸ்தான். 30 மில்லி விட்டால் இரண்டுமே வேண்டாம்.

ஐந்துஎம்எம்
10.

பழையகவை
ஆண்டு, மாடல் ஒன்றுமே சொல்லாமல் 10 என்றால் எப்படி? அதே மாடலுக்கு ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கிறது.

ஐந்துஎம்எம்
கையேட்டில் பார்க்கவும். எதிலும் "மேட்டுவண்டி அளவு" என்று இருக்காது.

சேற்றுச்சக்கரம்
ஒரு சின்னச் சந்தேகம். வண்டியை இரவு தலைகீழாக நிறுத்தி வைத்தால் அடியில் கிடக்கும் எண்ணெய் ஃபோம் ரிங்குக்கே வந்துவிடாதா? அப்புறம் 10 ஆனால் என்ன, 30 ஆனால் என்ன?

மேட்டுவண்டி
வரும். 30 இருந்தால் நன்றாகவே வரும்.

ஐந்துஎம்எம்
10 இருந்தாலும் வரும். தலைகீழாக நிறுத்தும் முன் பிரேக்கில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், லிவர் பஞ்சு மாதிரி ஆகும். எந்தத் திரவம் விடுவது என்று மட்டும் சேற்றுச்சக்கரத்திடம் கேட்க வேண்டாம்.

சேற்றுச்சக்கரம்
ஆரம்பிச்சுட்டாரு.