புதுப்பிப்பு: மூன்று கூட்டாளிகளும் இப்போது ஒழுங்காக வருகிறார்கள்

போன பதிவில் கேட்டிருந்தேன்: இன்ஃபார்ம் 7-ல் (உரை விளையாட்டு உருவாக்கும் கணினி மொழி) எழுதும், கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஆடும் என் உரை விளையாட்டில் மருத்துவச்சி, காவலாளி, சிறுமி மூவரும் நாயகனைப் பின்தொடரும்போது, "தெற்கிலிருந்து வருகிறார்" என்று ஆளுக்கொரு வரி வந்து அறை வர்ணனையையே அமுக்கிவிடுகிறது, என்ன செய்யலாம் என்று. சரி, தீர்ந்தது. அவர்களை நடக்கவிடாமல் நேராக நாயகன் இருக்கும் அறைக்கே நகர்த்திவிட்டு, "மூவரும் பின்னாலேயே வந்தார்கள்" என்று ஒரே வரி போட்டேன். நாயகன் ஏற்கெனவே கதவைத் தாண்டிவிட்டதால் பூட்டு பற்றிய சோதனை திரும்பத் தேவையில்லை.

அடுத்தது, ஆடுபவர் இந்த மூவருக்கும் இடும் கட்டளைகள். நாம் விதி எழுதாதவரை இன்ஃபார்மில் பாத்திரங்கள் எந்த ஏவலையும் ஏற்பதில்லை, அது நல்லதுதான், ஆளுக்கேற்ப விதி எழுதியதால் இப்போது சிறுமி இருட்டறைக்குள் போகமாட்டேன் என்கிறாள், காவலாளி போகிறார்.

ஆனால் மூவருக்கும் வேலை வேண்டுமே! 1983-ல் இன்ஃபோகாம் வெளியிட்ட சஸ்பெண்டட் விளையாடிப் பாருங்கள். ஆறு ரோபோக்கள், ஒரே அறையை ஒவ்வொன்றும் வேறு மாதிரி சொல்லும்: ஐரிஸ் பார்ப்பதை, ஆடா கேட்பதை. அப்புறம் யாரை எங்கே அனுப்புவது என்பதே புதிராகிவிடுகிறது. என் மருத்துவச்சிக்கும் இனி மூலிகை வாசனை மட்டும் தனியாகத் தெரியும்.